புள்ளும் பூவும் நிலமும்

சென்ற ஆண்டு சிறப்புத் தமிழ் வகுப்பில் கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டைப் பயின்றபோது, அதன்கண் அடுக்கிக் கூறப்பட்டுள்ள 99 மலர்களின் பெயர்களையும் தட்டின்றி ஒப்புவிக்க வல்லேனாயினேன். அது குறித்து உள்ளத்தே சிறிது செருக்கும் உண்டாயிற்று என்பதை மறைத்தற்கில்லை. அன்று மாலை, தாவரநூல் பயிலும் நண்பர் ஒருவருடன் விடுதித் தோட்டத்து வேலியோரமாக உலாவினேன். ஆங்குக் கொத்துக் கொத்தாகச் சிவந்து நின்ற பூவொன்றைச் சுட்டி, "இஃது யாது?" என அவர் வினவினார். "இட்லிப்பூ" என்றேன். "தமிழ் நூல்களில் இதற்கு வேறு பெயர் இல்லையோ?" என்றார். யான் விடையறியாது விழித்தேன். அவர் நகைத்து, "உங்கள் வெட்சி இதுதானே!" என்றார்.

அந்நகைப்பில் எள்ளல் இல்லை. ஆயினும் எனக்கு நாணம் மிகுந்தது. வெட்சி கபிலர் அடுக்கிய மலர்களுள் ஒன்று. பகைவர் ஆநிரையைக் கவரச் சென்ற மறவர் சூடிய பூவும் அதுவே. அதன் பெயரால் அமைந்த திணையைத் தொல்காப்பியர் புறத்திணைகளுள் முதற்கண் வைத்தார். தேர்வில் இவை அனைத்தும் எழுதி மதிப்பெண்ணும் பெற்ற யான், நாள்தோறும் உணவுச்சாலைக்குச் செல்லும் வழியில் அப்பூவை உரசிக்கொண்டு நடந்திருக்கின்றேன்; அதனை அறிந்திலேன். சொல் நாவிலும் பொருள் வேலியிலுமாகப் பிரிந்து நின்றன. அவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும் முயற்சியாக, ஓராண்டுக் காலம் கையில் ஒரு குறிப்பேட்டுடன் யான் கண்டவற்றையும், அறிஞர் நூல்வாயிலாக அறிந்தவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதற்கண் நாம் வாழும் நிலத்தின் இயல்பை உணர்தல் வேண்டும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட பகுதி உஷ்ண மண்டலம் எனப்படும். சென்னை நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளது. ஆதலின் இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரமே. மேலைநாடுகளில் பனிக்காலத்தில் மரங்கள் மொட்டையாய் நிற்கும். பகல் நீளத் தொடங்கியவுடன் அனைத்தும் ஒருங்கே தளிர்க்கும். பறவைகளும் அப்போதே கூடு கட்டும். நம் நாட்டிலோ பருவங்களைப் பிரித்துக் காட்டுவது மழையே. சென்னைப் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையை ஒட்டி, வடகிழக்குப் பருவக் காற்றால் வருகின்றது. ஆதலின் ஈண்டு ஒவ்வோர் உயிரும் தனக்குரிய காலத்தைத் தானே தேர்ந்துகொள்கின்றது. கொன்றை கோடையில் பூக்கின்றது. தூக்கணாங்குருவி மழையால் புல் தழைக்குங்கால் கூடு முடைகின்றது. நாரைகள் ஏரி நிரம்பிய பின்னரே குஞ்சு பொரிக்கின்றன. ஆங்கில நாட்டுப் பாடல்களில் வரும் வசந்தத்தை நம் ஊரில் தேடுவோன் ஏமாறுவான். நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தது இந்நிலத்தைக் கண்ணாரக் கண்டு செய்த பகுப்பாகும்.

இனித் தோட்டத்துள் புகுவோம். கல்லூரித் தோட்டங்களில் நம் கண்ணைக் கவர்வனவற்றுள் பல தொலைநாட்டிலிருந்து வந்தவை. கோடை விடுமுறைக் காலத்தில் தீப்பற்றியதுபோல் மலரும் குல்மோகர் மரத்தின் தாயகம் மடகாஸ்கர் தீவு. மாலையில் இலை மடக்கி உறங்கும் தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்காவைச் சார்ந்தது. காகிதப்பூக் கொடியும் அக்கண்டத்ததே. பிரெஞ்சுக் கடலோடியாகிய பூகன்வில் என்பார் உலகைச் சுற்றி வந்த செலவில், அவருடன் சென்ற கொம்மெர்சன் எனும் தாவர நூலார் 1767 ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் அதனைக் கண்டார். அதனால் அக்கொடி தலைவர் பெயரையே பூண்டது. அதன்கண் நாம் பூவென்று மயங்கும் செந்நிற இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகளே. அவற்றின் நடுவே குழல்போல் நிற்கும் சிறு வெண்ணிறத்தனவே மலர்கள். இதனை அறிந்தபின் யான் ஒரு கொத்தைக் கையிலெடுத்துப் பிரித்து நோக்கினேன். பத்தொன்பது ஆண்டுகள் கண்ட ஒன்றை அன்றே முதன்முறை கண்டேன் என்று கூறுதல் மிகையாகாது.

வந்த செடிகளை வெறுத்தல் வேண்டா. ஆயினும் எவ்வெப் பறவை எவ்வெப் பூவை நாடுகின்றது என்று நோக்குதல் இன்பமும் பயனும் தரும். காலை ஆறரை மணியளவில் செம்பருத்திச் செடியருகே அசையாது நிற்பீராயின், பெருவிரலினும் சற்றே பெரிய தேன்சிட்டு வந்து கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகை மலரினுள் விடுதலைக் காணலாம். ஆணின் உடலில் கதிரொளி படுங்கால் நீலமும் ஊதாவும் மின்னும். பெடை மங்கிய நிறத்தது. வெட்சியின் நீண்ட குழலில் தேனுண்ண வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும். பூ உதிர்ந்து காய் பழுத்தபின் கொண்டைக்குருவிகள் வரும். காகிதப்பூவிலோ தேன்சிட்டு நெடிது தங்க யான் கண்டிலேன். அழகில் நமக்கு ஒத்தனவாகத் தோன்றும் இரு செடிகள், பறவைக்கு ஒன்று விருந்தாகவும் மற்றொன்று வெற்றுப் பந்தலாகவும் அமைதல் காண்க.

மாமரத்தின் கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவியை அனைவரும் கண்டிருப்பர். தோட்டக்காரர் அதனை வெட்டி எறிவர். அது மரத்துக்கு மரம் எங்ஙனம் தாவுகின்றது? பூக்கொத்தி எனப்படும் ஒரு சின்னஞ்சிறு பறவையே அதற்குத் துணை. புல்லுருவியின் குழல் வடிவ மொட்டுத் தானே விரிவது அரிது. அப்பறவை நுனியை அலகால் அழுத்தியவுடன் மொட்டு வெடித்து மகரந்தத்தை அதன் முகத்தில் வீசும். பறவை அடுத்த மொட்டுக்குச் செல்லுங்கால் மகரந்தமும் உடன்செல்லும். கனியின் சதையை உண்டபின் எஞ்சும் விதை பசைபோல் ஒட்டும் தன்மையது. எச்சத்துடன் வெளிப்பட்ட அவ்விதையைப் பறவை கிளைமீது தேய்த்துவிட்டுப் பறக்கும். விதை ஆங்கே வேரூன்றும். புல்லுருவி இன்றேல் பூக்கொத்திக்கு உணவில் பெருங்குறை. பூக்கொத்தி இன்றேல் புல்லுருவிக்கு வழியில்லை. இவ்விரண்டையும் தனித்தனியே படிப்போர்க்கு இரண்டும் விளங்கா.

குயிலைப் பற்றி ஒரு சொல். தை மாசி வரை பெரும்பாலும் வாய்மூடியிருக்கும் இப்பறவை பங்குனி பிறந்தவுடன் கூவத் தொடங்கும். இனிய குரலால் உரத்துக் கூவுவது கரிய ஆணே. பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் பெற்ற பெடை, 'கிக் கிக்' எனக் குறுகிய ஒலியே செய்யும். பாரதியாரின் குயில் பாட்டிலோ பாடுவது பெண்குயில். அது கவிஞர் உரிமை. அதனைக் குற்றமெனக் கூறேன். ஆயினும் உண்மையை அறிந்தபின் அக்கற்பனையைச் சுவைப்பவன், அறியாது சுவைப்பவனினும் ஒருபடி மேலாகச் சுவைப்பான். குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடும். குயில் முட்டை காக்கை முட்டைக்குச் சில நாள் முன்னரே பொரிக்கும். அதனால் குயிற்குஞ்சு இரை பெறுவதில் முந்திக்கொள்ளும். வடமொழியார் குயிலைப் பிறரால் வளர்க்கப்பட்டது எனும் பொருள்படப் 'பரபிருதம்' என்றழைத்தனர். அப்பெயரைச் சூட்டியவர் மரத்தின்மீது கண் வைத்திருந்தார் என்பது தெளிவு.

கண் வைத்து நோக்கியோர் நம் புலவருள்ளும் பலர். இதனை எனக்கு உணர்த்தியது கொன்றை மரம். கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிப் பிரிந்தான் தலைவன். கொன்றை பூத்ததைக் கண்ட தலைவி, கார் வந்தும் அவன் வந்திலனே என வருந்துகின்றாள். தோழியோ, இது கார் அன்று, காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் காரென மயங்கி இப்பேதை மரம் பூத்துவிட்டது எனத் தேற்றுகின்றாள். இச்செய்தி அமைந்த பாட்டுக் குறுந்தொகையில் உள்ளது. வகுப்பில் கேட்டபோது இதனைத் தோழியின் சாதுரியம் என்று மட்டுமே கருதினேன். பின்னர் இவ்வாண்டு, பங்குனியில் இலையுதிர்த்து வெறுங்கோலாய் நின்ற விடுதிக் கொன்றை, சித்திரை இறுதியில் பொற்சரங்களைத் தொங்கவிட்டது. அவ்வாரத்தில் ஒரு மாலை கோடைமழை இடியுடன் பெய்து ஓய்ந்தது. மறுநாட் காலை மரத்தடியில் மஞ்சள் விரித்தாற்போல் பூக்கள் கிடந்தன. கார்காலத்துக்கு இன்னும் மூன்று திங்களுக்கு மேல் இருந்தன. அம்மரத்தடியில் நின்றபோது தோழியின் சொல் என் செவியில் புதிதாக ஒலித்தது. அவள் கூறியது வெறும் தேற்றுரையாயினும், அதனை நம்பத்தக்கதாக ஆக்குவது மரத்தின் பருவமே. மரத்தை அறியாதவனுக்கு அப்பாட்டின் உயிர்நாடி பிடிபடாது.

நிற்க. செடியும் பறவையும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தல் எப்போதும் நன்மையே பயக்கும் என்று கொள்ளற்க. உண்ணிச்செடி எனும் புதர், பல நிறப் பூங்கொத்துக்களின் அழகு கருதி, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்ப அமெரிக்காவிலிருந்து இந்தியத் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டது. அதன் கருங்கனிகளைக் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் விரும்பி உண்டு, விதைகளைத் தொலைவில் இட்டன. வேலிக்குள் நட்ட செடி காட்டை அடைந்தது. இன்று நீலகிரிச் சாரலிலும் முதுமலைக் காட்டிலும் பரந்த இடங்களை அப்புதரே மூடிக்கொண்டுள்ளது. அதன் அடியில் புல்லும் நம் நாட்டு மரக்கன்றுகளும் எளிதில் வளர்வதில்லை. புல் குறையின் மான் முதலியனவற்றிற்கு மேய்ச்சல் குறையும். ஒருவர் தம் முற்றத்துக்கென விரும்பிய ஒரு பூவும், பசித்த ஒரு குருவியும் கூடி ஒரு மலையின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. செடி வேறு, பறவை வேறு, காட்சி வேறு என்று எண்ணியதால் விளைந்த கேடு இது.

தொல்காப்பியர் அங்ஙனம் எண்ணினாரல்லர். அவர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியன கருப்பொருள் என்றார். அதன்பின்னரே மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருளை வைத்தார். இவ்வரிசையைப் பாட்டியற்றுதற்குரிய இலக்கணமென்றே நாம் மனப்பாடம் செய்கின்றோம். யான் அதனை என் குறிப்பேட்டின் அமைப்பாகக் கொண்டேன். பக்கத்தின் தலையில் இடம், நாள், நேரம், வானிலை, அதன்கீழ் மரமும் செடியும், அதன்கீழ்ப் பறவை, இறுதியில் அப்பறவை செய்தது யாது என்பது. முதற்பொருளை எழுதாது பறவையின் பெயரை மட்டும் எழுதிய பக்கங்கள் சில திங்கள் கழித்து எனக்கே பயன்படவில்லை. தொல்லாசிரியர் வகுத்த முறை கள ஆய்வுக்கும் ஏற்றதாயிருத்தல் வியப்பன்றோ?

இம்முறையால் ஊர்ப்புறத்துப் பனைமரம் ஒன்றை நோக்கினேன். அதன் ஓலையின் அடிப்புறத்தில் பனை உழவாரன் எனும் பறவை தன் எச்சிலைக் கொண்டே இறகுகளை ஒட்டிச் சிறு கூடு அமைக்கின்றது. ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவியின் குடுவைகள் ஊசலாடுகின்றன. அக்குடுவையை முடைவது ஆண்குருவி. பாதி முடிந்தபின் பெடை வந்து பார்வையிடும். அது மனம் ஒப்பினாலன்றி வேலை முற்றுப்பெறாது. இதனை 1930 ஆம் ஆண்டளவில் பம்பாய்க்கு அணித்தான கிஹீம் எனும் கடற்கரை ஊரில் பொறுமையுடன் இருந்து நோக்கி உலகுக்கு விளக்கியவர் சாலிம் அலி (1896–1987). 1941 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் பலர்க்குக் கைவிளக்கு. தமிழரிடையே இத்துறையில் சிறந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் நம் நாட்டு உயிர்களைப் பற்றி இடைவிடாது எழுதினார். தமிழிலும் எழுதிய அவர், அவற்றை அவற்றின் நிலத்தில் வைத்தே கண்டார்.

நிலம், மரம், புள், மக்கள் ஆகிய நான்கும் ஒருங்கு பொருந்தி நிற்கும் இடத்தைக் காண விழைவோர் வேடந்தாங்கலுக்குச் செல்க. செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள அச்சிறிய ஏரியில் நீர்க்கடம்ப மரங்கள் நீரிடையே நிற்கின்றன. ஐப்பசி மழையால் ஏரி நிரம்பியவுடன் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா முதலியன வந்து அம்மரங்களில் கூடு கட்டும். மார்கழித் திங்களில் யாங்கள் சென்றபோது, ஒவ்வொரு மரமும் பல மாடி வீடுபோல் காட்சியளித்தது. குஞ்சுகளின் இரைச்சல் கரையிலிருந்தே கேட்டது. மாலையில் இரை தேடி மீண்ட பறவைகள் வரிசை வரிசையாக வானத்தினின்று இறங்கியபோது, எங்களுள் ஒருவரும் வாய் திறந்திலர்.

அவ்விடம் இங்ஙனம் நிலைபெற்றது ஊரார் காவலால். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் அங்குப் பறவைகளைச் சுட, ஊர்மக்கள் மாவட்டத் தலைவரிடம் முறையிட்டனர். அப்போது கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பார், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்க்கு வழங்கிக் கௌல் எழுதிக் கொடுத்தார். அவ்வாவணம் 1798 ஆம் ஆண்டினது என்பர். பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலந்து வயலுக்கு உரமாகின்றது என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். பறவை நெல்லை வளர்க்கின்றது. நெல் விளைப்போன் பறவையைக் காக்கின்றான். கல்லூரியிற் பயிலாத அம்மக்கள், முதலும் கருவும் உரியும் ஒன்றே என்பதைத் தம் வாழ்க்கையால் உரைத்தனர். 2022 ஆம் ஆண்டு வேடந்தாங்கல், உலகப் பெருமை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அப்பெருமையிற் பெரும்பங்கு அவ்வூராரைச் சாரும்.

என்போல் புதிதாகத் தொடங்குவோர்க்குச் சில சொற்கள். விடியலில் எழுக, வெயில் ஏறியபின் பெரும்பாலான பறவைகள் நிழலில் ஒடுங்கும். பளிச்சிடும் உடை தவிர்க்க. பத்து இடங்களுக்கு ஓடுவதினும் ஒரு மரத்தடியில் அரைமணி நேரம் அமர்ந்திருத்தல் மிக்க பயன் தரும். கூட்டை அணுகற்க, தாய்ப்பறவை அஞ்சி அகலின் குஞ்சு வெயிலாலும் காக்கையாலும் அழியும். கண்டதைக் கண்டதாகவும் ஊகித்ததை ஊகமாகவும் வேறுபடுத்தி எழுதுக. இதனினும் சிறந்த வாய்மைப் பயிற்சி வேறொன்றை யான் அறியேன். அனைத்தினும் மேலாக, ஊர்ப்பெரியோரையும் தோட்டக்காரரையும் உழவரையும் வினவுக. நூலில் மட்டும் உள்ளன என நாம் கருதும் சொற்கள் சில அவர்தம் நாவில் இன்னும் வாழ்கின்றன. கேட்பார் இன்மையால் அவை அவர்களுடனே மறைந்துபோகும்.

தமிழ் பயிலும் நமக்கு இதுவே பெரிய இழப்பாகும். ஒரு பூவின் பெயர் மட்டும் எஞ்சிப் பூ மறக்கப்படின், அப்பெயர் உரையாசிரியர் குறிப்பில் 'ஒருவகைப் பூ' என்றும், 'ஒருவகைப் புள்' என்றும் சுருங்கிப்போகும். அங்ஙனம் சுருங்கிய சொற்கள் நம் பாடநூல்களில் எத்தனை! வேலியிலிருந்து வெட்சி அகற்றப்படும் நாளில், அதனை அகற்றலாகாது என்று கூற வேண்டியவர் தமிழ் மாணாக்கரே. ஆனால் அது வெட்சி என்று அவர் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் உற்று நோக்குமாறு நம் ஆண்டவர் மலைமீதிருந்து மக்களுக்குப் போதித்தார். கவலையை ஒழித்தற்குரிய மருந்தாக அவர் அருளியது அது. ஒவ்வொரு நாளும் ஆலயமணி ஒலிக்குமுன் அக்கட்டளையை நிறைவேற்ற ஓர் அரைமணி நேரம் போதும். இன்று மாலை விடுதிக்குத் திரும்புங்கால், அன்பர்களே, அவ்வேலியருகே சற்று நில்லுங்கள். சிவந்த கொத்துக்களாய் நிற்கும் அப்பூவை இனி அதன் பெயரால் அழையுங்கள்.